சங்கு நின்ற பிறகு: கோலார் தங்கவயலில் தனிமையும் பரஸ்பர ஆதரவும்

ஓர் ஊர் முழுவதும் ஒரே நாளில் வேலை இழக்கும்போது அங்கே உருவாகும் தனிமை, துணையை இழந்த ஒருவரின் தனிமையிலிருந்து வேறுபட்டது. அது எல்லோருக்கும் ஒருசேர நேர்வதால், ஆறுதல் தேடிப் போகிறவரும் ஆறுதல் சொல்ல வேண்டியவரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கி அந்தத் தனிமையைக் கடக்க முடியுமா என்ற கேள்வியை உளவியலும் சமூகவியலும் பொதுச் சுகாதாரமும் ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தனித்தனியே கேட்டு வந்திருக்கின்றன. கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. கர்நாடகத்தில், ஆந்திர, தமிழக எல்லைகளை ஒட்டிக் கிடக்கும் கோலார் தங்கவயல் அந்த விடைகளை உரசிப் பார்க்கத்தக்க இடம். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று தமிழும் ஆங்கிலமும் கலந்த பெயர்களோடு பரந்து கிடக்கும் இந்தக் குடியிருப்புகள் நூற்றிருபது ஆண்டுகள் ஒரே தொழிலை நம்பி வாழ்ந்து, 2001இல் அதை இழந்தன.

தனிமை என்பதை ஆய்வாளர்கள் தனியாக இருத்தலிலிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள். தனியாக இருத்தல் ஒரு நிலை. தனிமையோ ஒருவருக்கு வேண்டிய உறவுகளுக்கும் கிடைத்திருக்கும் உறவுகளுக்கும் இடையிலுள்ள குறைவை அவர் உணர்வது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் வெளியிட்ட நூலில் இதை மேலும் இரண்டாகப் பகுத்தார். மனம்விட்டுப் பேச நெருங்கிய ஒருவர் இல்லாமை உணர்வுத் தனிமை. தன்னைத் தங்களுள் ஒருவராக ஏற்கும் கூட்டம் இல்லாமை சமூகத் தனிமை. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பாது என்பது அவர் வாதம். மனைவி மக்களோடு வாழ்பவரும் தம் கூட்டத்தை இழந்துவிட்டால் தனிமைப்படலாம் என்பதால், தங்கவயலைப் புரிந்துகொள்ள இந்தப் பகுப்பு பெரிதும் உதவுகிறது. பரஸ்பர உணர்வாதரவு என்ற தொடர் இக்கட்டுரையில், இன்று கேட்பவர் நாளை சொல்பவராகவும், இன்று தாங்கப்படுபவர் நாளை தாங்குபவராகவும் இருக்கும் ஏற்பாட்டைக் குறிக்கிறது. தானமும் சிகிச்சையும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கொடுக்கும் கை எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் அறிவித்தது. பிரிட்டன் 2018லும் ஜப்பான் 2021லும் இதற்கென அமைச்சர் பொறுப்பையே ஏற்படுத்தின. இத்தகைய முயற்சிகள் தனிமையைத் தனிமனிதரின் குறையாக எண்ணி, வினாத்தாள் கொடுத்து அளக்கின்றன. ஓர் இடமே தன் பொதுவாழ்வை இழப்பதை அளக்க அந்த வினாத்தாள்களில் கட்டம் இல்லை.

குடியேறியவர்களின் தனிமை

மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் படைவீரர் மைசூர் அரசிடம் 1870களில் பெற்ற தேடல் உரிமை கைமாறி, 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்த பிறகே சுரங்கங்கள் உருப்பெற்றன. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்தனர். பாறையை உடைக்கவும் அள்ளவும் வந்தவர்களில் பெரும்பான்மையினர் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். சித்தூர் வட்டாரத்துத் தெலுங்கரும் அவர்களோடு இருந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பண்ணையார் வீட்டுப் பிடியிலிருந்து விலகக் கிடைத்த வழியாகவும் சுரங்கம் அவர்களுக்குத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர்.

மூங்கில் தட்டிகளை நிறுத்தி, மேலே கூரை போட்ட வரிசை வீடுகளில் அவர்கள் குடிவைக்கப்பட்டனர். மக்கள் அவற்றைத் தட்டி வீடு என்றும், வரிசையை லைன் என்றும் சொன்னார்கள். அடுத்த வீட்டில் ஒருவர் இருமினால் இந்த வீட்டில் தூக்கம் கலையும் அளவுக்கே நடுவில் தடுப்பு இருந்தது. குழாயடியும் கழிப்பறையும் பொது. உறவுமுறையும் வயலும் குலதெய்வமும் ஊரிலேயே நின்றுவிட, பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் தோளோடு தோள் உரச வாழ நேர்ந்த இந்த நெருக்கத்தைப் பிற்கால நினைவுகள் இயல்பான ஒற்றுமையாக வருணிப்பதுண்டு. நெருக்கம் தானாக உறவாகிவிடுவதில்லை. வைஸின் பகுப்பில் சொன்னால், குடியேறியவர்களுக்கு ஆட்கள் இருந்தார்கள், கூட்டம் இல்லை. கூட்டத்தை அவர்கள் முயன்று கட்ட வேண்டியிருந்தது; அந்த முயற்சியின் தடயங்கள் சில தெளிவாகக் கிடைக்கின்றன.

அவற்றுள் மிகவும் கருதத்தக்கது பௌத்தம். தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்தின் வலுவான கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. 1907இல் அவர் தொடங்கிய தமிழன் இதழுக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் வட்டம் இருந்தது. அவர் 1914இல் மறைந்த பின் தடைப்பட்டுப்போன இதழ், 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வந்து 1930களின் முற்பகுதிவரை நடந்தது. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கியது. சுரங்கத்தில் எட்டு மணி நேரம் உடல் உழைத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு பிரித்து ஒரு பத்திரிகையை உயிரோடு வைத்திருந்த செய்தி, தமிழ் இதழியல் வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

இந்த இயக்கத்தைச் சமூகவியலாளர் ஜி. அலோசியஸ் 1998இல் வெளியிட்ட நூலில், சாதி ஒடுக்கிய மக்கள் தங்களுக்கென ஒரு விடுதலை அடையாளத்தை உருவாக்கிக்கொண்ட முயற்சியாக ஆராய்ந்தார். அதை மறுக்காமலே வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்கலாம். சங்கத்தின் சொற்பொழிவும் கூட்டு வாசிப்பும் பௌத்த முறைப்படி நடந்த திருமணமும் இறுதிச் சடங்கும், ஊரை விட்டு வந்த ஒருவருக்கு மகிழ்ச்சியிலும் சாவிலும் பக்கத்தில் நிற்க ஒரு கூட்டத்தை உறுதி செய்தன. கிராமத்தில் சாவு வீட்டுக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதைச் சாதியும் பங்காளி முறையும் முன்பே தீர்த்து வைத்திருந்தன. இங்கே அதைச் சங்கம் தீர்மானித்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்கும் ஒரு மாலைப்பொழுதில், கேட்பவர் வாசிப்பவருக்கும் வாசிப்பவர் கேட்பவருக்கும் தேவைப்படுகிறார். தேவாலயங்களும் மாரியம்மன் கோயில்களும் வேறு பிரிவினருக்கு இதே வேலையைச் செய்தன.

அந்தக் கூட்டுணர்வு எவ்வளவு தூரம் முற்றியிருந்தது என்பதை 1930ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் காட்டியது. தொழிலாளர் எல்லோரும் விரல்ரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டபோது, குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்வதா என்ற கொதிப்பில் சுரங்கங்கள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நின்றன. இறுதியில் நிர்வாகம் அந்த விதியை விட்டுக்கொடுத்தது. முறையான தொழிற்சங்கம் எதுவும் அப்போது இல்லை. பெங்களூருவையும் தங்கவயலையும் சேர்த்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜானகி நாயரின் நூல் இந்த நிகழ்வை விரிவாகப் பேசுகிறது. தலைமை இல்லாமல் இத்தனை ஆயிரம் பேர் எப்படி ஒன்றுபட்டனர் என்ற வியப்புக்கு, லைன்களிலும் சங்கங்களிலும் கோயில்களிலும் அதற்கு முன் முப்பது நாற்பது ஆண்டுகள் நடந்த அன்றாடப் பழக்கத்தில்தான் விளக்கம் தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் கூட்டுணர்வு அறைகளாகப் பிரிந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியர் பங்களாக்களிலும் கிளப்பிலும், ஆங்கிலோ-இந்தியர் தம் குடியிருப்பிலும், தொழிலாளர் லைனிலும் வாழ்ந்தனர். தங்கவயலைக் குட்டி இங்கிலாந்து என்று கொண்டாடும் பழைய நினைவுகள் பெரும்பாலும் முதலிரண்டு அறைகளிலிருந்து எழுதப்பட்டவை.

ஆழத்தில் உருவான நம்பிக்கை

சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டரையும் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறை, தொட முடியாத வெப்பத்தில் இருக்கும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதர் வேலை செய்ய முடியும். 1902 முதல் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் கடந்து வந்து இந்த இயந்திரங்களை ஓட்டியது. வெளியுலகத் தொந்தரவு எதுவும் எட்டாத அந்த ஆழம் இயற்பியலாளர்களுக்கு வசதியாக அமைந்து, 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளை உலகில் முதலில் கண்ட இடங்களுள் ஒன்றாகத் தங்கவயலை ஆக்கியதும் ஒரு வேடிக்கை. விஞ்ஞானிக்கு வரமான அந்த விலகல்தான் தொழிலாளிக்கு ஒவ்வொரு ஷிப்டும் அச்சமாக இருந்தது.

அச்சத்தின் முதற் காரணம் பாறை வெடிப்பு. ஆழத்தில் மலையளவு பாரத்தைத் தாங்கி நிற்கும் பாறை, தோண்டியதால் சமநிலை குலைந்து திடீரென்று சிதறுவதைச் சுரங்கவியல் இப்படி அழைக்கிறது. பெரிய வெடிப்பு நேர்ந்தால் மேலே லைன் வீடுகள் அதிரும். அடுக்கில் உள்ள பாத்திரம் உருளும். அது கேட்ட கணத்தில் சுரங்கத்துக்குள் யார் வீட்டு ஆள் இருக்கிறார் என்ற கணக்கு லைன் முழுவதும் ஓடத் தொடங்கும். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயிலுக்கு விரைவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் யார் இறங்குகிறார் என்று பார்த்து நிற்கும் அந்தக் கூட்டத்தில், தன் கணவன் வந்துவிட்டான் என்பதால் ஒருத்தி உடனே வீடு திரும்பிவிட முடியாது. பக்கத்தில் நிற்பவளின் ஆள் இன்னும் வரவில்லை. அடுத்த ஷிப்டில் இடம் மாறலாம் என்று இருவருக்கும் தெரியும். பரஸ்பரம் என்பது நற்பண்பாக இருப்பதற்கு முன் காப்பீடாக இருந்தது.

சுரங்கத்துக்குள்ளும் அப்படித்தான். துளையிடுபவரின் உயிர் மரத்தூண் நிறுத்துபவரின் கையில் இருந்தது. தலைக்கு மேல் பாறையில் கீறல் கேட்டால் முதலில் குரல் கொடுப்பவர் சாதியோ ஊரோ கேட்டுக்கொண்டு குரல் கொடுப்பதில்லை. போர்ப்படை, கப்பல், சுரங்கம் ஆகிய இடங்களில் உருவாகும் தோழமையைப் பற்றிய ஆய்வுகள், பொது ஆபத்தில் பிறக்கும் நம்பிக்கை மிக ஆழமானது என்றும், அந்த ஆபத்து நீங்கியதும் அதைக் கொண்டுசெல்ல வழியில்லாமல் திகைக்க வைப்பது என்றும் ஒருசேரக் குறிப்பிடுகின்றன.

இரண்டாவது காரணம் மெதுவானது. பாறைத் தூளிலுள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்கி இறுக்கிவிடும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் அது முதலில் முறையாகப் பதிவானது தங்கவயலில்தான். 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. குணமாக்க மருந்தில்லாத இந்நோய் மூச்சைக் குறைப்பதோடு நடமாட்டத்தையும் குறைக்கிறது. டீக்கடைவரை நடக்க முடியாதவர் டீக்கடைப் பேச்சிலிருந்தும் வெளியேறுகிறார். நோயும் தனிமையும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுற்று, நினைவுக் குறிப்புகளில் அரிதாகவே இடம்பெறுகிறது.

வேலை நின்ற ஊர்

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் ஏற்ற சுரங்கங்கள் 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயின. தங்கத்தின் அளவு குறைந்து செலவு ஏறியதால் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு அது மூடப்பட்டது. ஷிப்டை அறிவித்த சங்கு நின்றது. எண்ணூறு டன் அளவுக்குத் தங்கம் தந்த மண்ணில், பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண், சயனைடு மேடுகளாக எஞ்சியது.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்தைப் போல் உதவும் ஒப்பீடு வேறில்லை. 1930 வாக்கில் அங்கிருந்த ஒரே நூற்பாலை மூடப்பட்டபோது மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கே சென்று ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். வேலையிழந்தோர் கிளர்ந்தெழுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக அவர்கள் கண்டது சோர்வு. ஓய்வு நேரம் பெருகியிருந்தும், கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், நூலகத்தில் நூல் எடுப்பது வெகுவாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி காரணமின்றி நின்றார்கள்; பெண்களுக்கு வீட்டு வேலை முன்போலவே இருந்ததால் அவர்கள் நடை மாறவில்லை. கூலியோடு சேர்த்து வேலை வேறு சில பொருள்களையும் தருகிறது என்று யாஹோடா பின்னாளில் விளக்கினார். அன்றாடத்துக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே உறவு, கூட்டு நோக்கம், மதிப்பு, செயல்பாடு ஆகியவை அவை.

தங்கவயலின் இழப்பு இதைவிட அகலமானது என்றே சொல்ல வேண்டும். நிறுவனமே வீடும் மருத்துவமனையும் குடிநீரும் மின்சாரமும் கொடுத்து வந்தது. அது விலகியபோது தொழிலாளர் ஒரே நேரத்தில் கூலியையும் ஊராட்சியையும் மருத்துவரையும் இழந்தனர். குடியிருந்த வீட்டின் மீதான உரிமையே கேள்விக்குள்ளானது. மாநில எல்லைகள் மொழிவாரியாக வகுக்கப்பட்ட 1956க்குப் பின் கர்நாடகத்துக்குள் தமிழ் பேசும் தொழிலாளர் ஊராக நின்ற அவர்களுக்காக வாதாட, பெங்களூருவிலும் சென்னையிலும் அழுத்தமான குரல்கள் குறைவு. சுரங்கத்தைத் தொழிலாளர் கூட்டுறவாகத் தாங்களே நடத்துகிறோம் என்று தொழிற்சங்கங்கள் முன்வைத்த கோரிக்கையும் நீதிமன்றப் படிகளில் பல ஆண்டுகள் ஏறி இறங்கியது. அந்தக் கோரிக்கை பொருளாதார நோக்கில் சாத்தியமா என்பது வேறு விவாதம். மூடிய பிறகும் கூட்டம் கூட்டமாகக் கூடுவதற்கு அது ஒரு காரணம் தந்தது என்பதே இங்கு பொருட்படுத்த வேண்டியது. மரியந்தாலில் அப்படி ஒரு காரணம்கூட இல்லை.

ஆதரவைப் பற்றிய சான்றுகள்

பரஸ்பர ஆதரவு தனிமையைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை நிபந்தனைகளோடு வருகிறது. உதவி பெறுபவரைவிட உதவுபவரே மிகுதியாக நலம் பெறுகிறார் என்ற கருத்தை ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் உதவுவோர் சிகிச்சைக் கோட்பாடு என்று பெயரிட்டு முன்வைத்தார். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், குடியை நிறுத்தியவர் மற்றொருவரை நிறுத்த வைக்கும்போதே தானும் நிலைக்கிறார் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. மூத்த தம்பதியரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வொன்று, பிறருக்கு ஆதரவு கொடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்ததையும், ஆதரவு பெற்றதில் மட்டும் அத்தகைய பயன் தெரியாததையும் காட்டியது.

ஜிம்பாப்வேயில் 2006 முதல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா நடத்திவரும் நட்பு பெஞ்சு இவ்வகையில் மிகவும் பேசப்பட்டது. சிறிதளவு பயிற்சி பெற்ற பாட்டிகள், சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடிப் பலகையில் அமர்ந்து மனச்சோர்வுற்றோரோடு பேசுகிறார்கள். 2016இல் வெளிவந்த முறையான ஆய்வு அதன் பயனை உறுதிசெய்தது. பலரும் கவனிக்காத பகுதி அதற்கு அடுத்த கட்டம். பேசி முடித்தவர்கள் ஒரு வட்டமாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னியபடியே, புதிதாக வருபவரின் கதையைக் கேட்கிறார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் எளிதாகத் திறக்கிறது என்பதை எந்தத் திண்ணையிலும் பூக்கட்டும் பெண்களிடம் கேட்டறியலாம். தமிழகத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உறவுகளை இழந்த சென்னைக் கடற்கரை மக்களிடையே, தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் தொடங்கப்பட்ட சிநேகா அமைப்பைச் சார்ந்த மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய பணியும் துயர அளவு குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறது.

மறுபக்கச் சான்றுகளும் வலுவானவை. தனிமைக்கான பலவகை முயற்சிகளை ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வு, வெறுமனே ஆட்களைக் கூட்டிவைப்பது சிறிதளவே பயன் தருகிறது என்றும், பிறர் தன்னை விரும்பவில்லை என்ற பிடிவாதமான எண்ணத்தைத் தொடும் முயற்சிகளே நன்றாகப் பலிக்கின்றன என்றும் காட்டியது. ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து பேசும் பழக்கம் நட்பை நெருக்கமாக்கினாலும் சோர்வை வளர்க்கக்கூடும் என்பதை அமெரிக்கச் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்த அமாண்டா ரோஸ் 2002இல் நிறுவினார். இழந்த வேலையைப் பற்றியே பேசும் நண்பர் குழு, ஆறுதலையும் தேக்கத்தையும் ஒரே குவளையில் ஊற்றித் தருகிறது. அந்தக் குவளையில் சாராயமும் சேர்ந்துவிட்டால் எது எதைச் செய்தது என்று பிரித்தறிவதும் கடினம்.

இவ்விரு வகைச் சான்றுகளையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. பயன் தெரிந்த இடங்களில் எல்லாம் ஆதரவு வேறொரு வேலையின் ஊடாகவே நடந்திருக்கிறது: பை பின்னுதல், குடியை நிறுத்த இன்னொருவரை அழைத்து வருதல், இதழ் வாசித்தல், ஷாஃப்ட் வாயிலில் காத்திருத்தல். பயன் தெரியாத இடங்களில் ஆதரவே நிகழ்ச்சி நிரலாக இருந்திருக்கிறது. ஓய்வுபெற்ற தொழிலாளரை மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து நம்பிக்கையைப் பற்றி உரையாற்றும் நல்லெண்ண முயற்சிகள் சோர்ந்துபோவதற்கும் அதுவே காரணம் எனலாம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பக்கத்து மனிதனின் உயிரைக் காத்து வந்தவரிடம், அங்கே வாங்கிக்கொள்வதை மட்டுமே எதிர்பார்க்கிறார்கள்.

கடனும் நினைவும் ரயிலும்

சுரங்கம் மூடிய பின் தங்கவயலில் பொதுவாழ்வு முற்றிலும் அழிந்துவிடவில்லை. அது இடம் மாறியது. அப்படி மாறிய இடங்களுள் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று. சேமிப்புக்காகக் கூடும் வாராந்தரக் கூட்டம், பேச்சுக்கும் ஆறுதலுக்கும் இயல்பான சாக்கு. ஆனால் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற கூட்டுப் பிணை, தவணை தவறும் நாளில் ஆதரவை அப்படியே கண்காணிப்பாகத் திருப்பிவிடுகிறது. 2009இல் கோலார் நகரிலும் அண்டைப் பட்டுத்தொழில் ஊர்களிலும் நுண்கடன் தவணையைக் கட்ட மறுக்கும் நிலை பரவியபோது, குழுவின் நெருக்கமே குழுவுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பது வெளிப்பட்டது. பரஸ்பரத்தில் வங்கி மூன்றாம் ஆளாக உட்காரும்போது அதன் தன்மை மாறுகிறது என்பதைக் குழுக்களைப் பாராட்டும் அறிக்கைகள் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை.

நினைவு இன்னொரு இடம். பழையதை ஏங்கி நினைப்பதை 1688இல் ஒரு சுவிஸ் மருத்துவர் நோயாகவே பெயரிட்டார். இன்றைய உளவியலாளர்கள், குறிப்பாக சீனாவில் நடந்த சோதனைகளை 2008இல் வெளியிட்ட குழுவினர், அந்த ஏக்கம் தனிமையுற்றவருக்குத் தம்மைத் தாங்குவோர் உண்டு என்ற உணர்வை மீட்டுத் தருவதாகக் கண்டனர். தங்கவயலைவிட்டு ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்ற ஆங்கிலோ-இந்தியர்கள் எழுதிய நினைவு நூல்களும் நடத்தும் சந்திப்புகளும் இந்த வகை. லைன் மக்களின் நினைவு அவ்வளவு எளிதில் இனிப்பதில்லை. தோழமையும் சிலிக்கோசிஸும் அதில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 2018இலும் 2022இலும் வந்த கே.ஜி.எஃப் படங்கள், கோலார் தங்கவயலின் ஆங்கிலச் சுருக்கமான அந்த ஊர்ப் பெயரை உலகெங்கும் கொண்டுபோயின. கதை முழுவதும் கற்பனை. 2024இல் பா. ரஞ்சித் இயக்கிய தங்கலான், வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடிப்போன ஒடுக்கப்பட்ட மக்களை மையமாக்கியதால், அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் முன்னோரைப் பற்றிப் பொதுவெளியில் பேச ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. தனிப்பட்ட நினைவு கூட்டு நினைவாக மாறும்போதுதான் அது ஆதரவாகப் பயன்படுகிறது என்ற கருத்துக்கு இது சான்றாகலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ரயில். 1894 முதல் பங்காருப்பேட்டையையும் மாரிக்குப்பத்தையும் இணைக்கும் பாதையில், இன்று விடியுமுன் புறப்படும் வண்டிகளில் தங்கவயலின் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கட்டட வேலை, காவல் பணி, வீட்டு வேலை, ஆலை, அலுவலகம் என்று அங்கே இறங்கியதும் சிதறிப்போகும் இவர்கள் மீண்டும் ஒன்றுசேர்வது அந்தப் பெட்டியில் மட்டுமே. ஒரே பெட்டியில் ஏறிப் பழகியவர்கள் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள், சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பகிர்கிறார்கள், வேலை காலி இருக்கும் இடத்தைச் சொல்கிறார்கள், இரண்டு நாள் வராதவரைப் பற்றி விசாரிக்கிறார்கள். கேஜில் இறங்கிய தலைமுறைக்கு ஷிப்ட் தந்த பொது நேரத்தை இந்தத் தலைமுறைக்கு ரயில் அட்டவணை தருகிறது. பயணத்தால் சோர்ந்த உடல்களின் கணக்கில்தான் இந்தத் தோழமை வாங்கப்படுகிறது என்பதால் அதைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் தங்கவயலில் இன்று மிகுதியான பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான் என்பதை மறுக்க முடியாது.

ரயிலில் ஏறாதவர்களின் நிலை வேறு. மூச்சிரைக்கும் முதிய தொழிலாளி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, வேலையும் படிப்பும் பாதியில் நின்ற இளைஞர் ஆகியோர் பகல் முழுவதும் காலியான லைனில் இருக்கிறார்கள். வைஸ் சொன்ன இரு தனிமைகளும் இப்போது ஒரே வீட்டுக்குள் பங்கிடப்பட்டிருக்கின்றன: கூட்டம் கிடைத்தவருக்கு வீட்டில் பேச நேரமில்லை, நேரம் உள்ளவருக்குக் கூட்டமில்லை. கழிவு மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தை எடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்திருப்பதால் வேலை திரும்பும் என்ற எதிர்பார்ப்பு எழுந்துள்ளது. இயந்திரங்கள் அள்ளும் அந்த வேலை எத்தனை பேரை ஒன்றாக நிற்கவைக்கும் என்பது ஒப்பந்த விதிகளைப் பொறுத்தது. அதுவரை, மனநலப் பணியோ நூலகமோ தொடங்க நினைக்கும் எவரும் இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ரயில் வந்துசேரும் நேரத்தையும், பகலில் லைனில் இருப்பவர்களுக்கு அடுத்தவருக்காகச் செய்ய என்ன வேலை இருக்கிறது என்பதையும்தான்.